பறை வாங்கும் முன் ஆசானைத் தேடுங்கள்: ஊரில் பறைப் பயிற்சி தொடங்குவோருக்கு

பறை வகுப்பு தொடங்க நினைக்கும் குழுக்கள் பல, முதல் வேலையாக இணையத்தில் பத்துப் பறைக்கு ஆர்டர் போட்டுவிடுகின்றன. இரும்பு வளையத்தில் பிளாஸ்டிக் தாளை முடுக்கிய கருவிகள் பெட்டியில் வந்து இறங்கும். படம் எடுத்துக் குழுவில் போட்டாயிற்று, அப்புறம்தான் சொல்லித்தர ஆளைத் தேடுவார்கள். வருகிற ஆசான் அதில் ஒன்றை எடுத்து, விரலால் தட்டி, ஒன்றும் சொல்லாமல் கீழே வைப்பார். அந்த மௌனத்துக்கு என்ன பொருள் என்பது மூன்றாவது வாரத்தில் தெரியும்.

வரிசையை மாற்றிப் போடுங்கள். முதலில் ஆசான், அடுத்து இடமும் நேரமும், கடைசியில் கருவி. இளைஞர் மன்றமோ, வாசகர் வட்டமோ, பள்ளியின் முன்னாள் மாணவர்களோ, குடியிருப்புச் சங்கமோ, யார் தொடங்கினாலும் இந்த வரிசைதான் நிற்கும்.

ஆசானைக் கண்டுபிடிப்பது

ஒரே கருவிக்குப் பறை, தப்பு, தப்பட்டை என்று ஊருக்கு ஊர் பெயர் உண்டு. தஞ்சைப் பக்கம் தப்பாட்டம் என்பார்கள், கொங்கில் தப்பட்டை. ஆகவே விசாரிக்கும்போது எல்லாப் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். மட்டக்களப்பு நண்பர் யாராவது பறைமேளம் பற்றிப் பேசினால் குழம்ப வேண்டாம். அங்கே அது இரண்டு முகம் கொண்ட வேறு கருவி. இந்தக் கட்டுரை ஒற்றை முகப் பறையைப் பற்றியது.

பெயர்பெற்ற குழுக்கள் உண்டு. மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசான் ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுத்தவர். 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பெண்களே பறை எடுத்து ஆடும் குழுவாகத் திண்டுக்கல் சக்தி கலைக்குழு அறியப்பட்டது. தஞ்சைக்கு அருகே ரெட்டிப்பாளையம் தப்பாட்டத்துக்குப் பேர்போனது. ஆனால் வாரம் இரண்டு நாள் உங்கள் ஊருக்கு வந்து சொல்லித்தர, பெரிய பெயரைவிடப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் கலைஞரே மேல். உங்கள் ஊர்த் திருவிழாவின் அடி அவருக்குத் தெரியும். வகுப்பு முடிந்த பிறகும் பிள்ளைகள் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருப்பார்.

தேட மூன்று வழி. ஒன்று, கோயில் கொடையும் திருவிழாவும் நடக்கும் இடத்தில் நேரில் நின்று பாருங்கள். குழுவில் யார் மற்றவர்களைக் கண்ணாலேயே நடத்துகிறார் என்று கவனியுங்கள். அவர் பெரும்பாலும் முன்வரிசையில் ஆடிக்கொண்டிருக்க மாட்டார். ஓரத்தில் ஒற்றை அடியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். இரண்டு, கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகம். மாவட்டக் கலை மன்றங்கள் வயது வாரியாகக் கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என்று விருது தருகின்றன. பெற்றவர்களின் பட்டியலைக் கேட்டால் உங்கள் மாவட்டக் கலைஞர்கள் யார் யார் என்று தெரிந்துவிடும். மூன்று, ஏற்கெனவே கற்ற குழு ஒன்றிடம் 'யாரிடம் கற்றீர்கள்' என்று கேட்பது. இதுவே நம்பகமான வழி.

நன்றாக அடிப்பவர் எல்லாரும் நன்றாகச் சொல்லித்தருவார் என்பதில்லை. அவரை அழைத்து ஒரு மணி நேரம் மாதிரி வகுப்பு நடத்தச் சொல்லுங்கள், அதற்கும் கூலி கொடுத்துவிடுங்கள். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பிடிபடாமல் தடுமாறுகிறவனிடம் போய் நின்று வேகத்தைக் குறைக்கிறாரா, அல்லது தானே இன்னொருமுறை வேகமாக அடித்துக்காட்டுகிறாரா?

பேச்சு வார்த்தையில் விடக்கூடாதவை

போனில் பேசி முடிக்காதீர்கள். வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள், கொடுக்கும் தண்ணீரைக் குடியுங்கள். இதைப் பிறகு விளக்குகிறேன்.

கூலி விஷயத்தில் கூச்சம் வேண்டாம். ஒரு நாள் நிகழ்ச்சிக்கு அவர் என்ன வாங்குகிறார் என்று கேளுங்கள். வகுப்புக்காக அவருக்கு அரை நாள் போகிறது என்றால், அந்தத் தொகையில் பாதிக்குக் குறையாமல் ஒவ்வொரு வகுப்புக்கும் தர வேண்டும். பயணச் செலவும் சாப்பாடும் தனி. மாதக் கடைசியில் மொத்தமாகத் தருவதைவிட அன்றன்றைக்குக் கையில் கொடுப்பது நல்லது, ஏனென்றால் கலைஞர் வீட்டுக் கணக்கு அன்றாடக் கணக்கு. 'கலையை வளர்க்கிறோம், நீங்களும் கொஞ்சம் விட்டுக்கொடுங்க' என்ற பேச்சு வேண்டவே வேண்டாம். அவர் குடும்பம் தலைமுறையாக விட்டுக்கொடுத்துத்தான் அந்தக் கலை உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

நாள் குறிப்பதில்தான் பெரும்பாலான வகுப்புகள் சறுக்குகின்றன. மாசி தொடங்கி வைகாசி வரை திருவிழாக் காலம், ஆடியில் அம்மன் கொடை. அவர் சம்பாதிக்கும் நாள் அவை. அப்போது வகுப்பு வைத்தால் பாதி நாள் வரமாட்டார். வந்தால் அவருக்கு நட்டம். ஓய்வு கிடைப்பது ஆவணி பிறந்த பிறகு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் தொய்ந்துவிடும். ஆசானுக்கு நேரம் இருக்கும்போது பறைக்கு உடம்பு சரியிருக்காது, இதுதான் இந்தக் கலையின் நாட்காட்டி. ஆவணி முதல் வாரம் தொடங்கினால், 12 வார வகுப்பில் பெரும்பகுதி மழை வலுக்கும் முன் முடிந்துவிடும்.

திடீரென்று சாவு விழுந்தால் அவருக்கு அழைப்பு வரலாம். அன்றைக்கு அவர் அனுப்பும் மகனோ குழுத் தம்பியோ வகுப்பை நடத்துவார் என்று முன்பே பேசிவைத்து, கூலியை வந்தவரிடம் கொடுங்கள். சில கலைஞர்கள் சாவுக்கு அடிப்பதில்லை என்று முடிவெடுத்தவர்கள். யாரையும் எந்தப் பக்கமும் வற்புறுத்தாதீர்கள், கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

காணொளி எடுப்பதையும் இப்போதே பேசுங்கள். அவர் சொல்லித்தரும் அடிகளை வரிசையாக யூடியூபில் ஏற்றினால், நாளைக்கு அவரை அழைக்க வேண்டியவர்கள் அதைப் பார்த்தே கற்றுக்கொள்வார்கள். பயிற்சிக்காகக் குழுவுக்குள் வைத்துக்கொள்ளலாமா, வெளியிடலாமா, வெளியிட்டால் அவர் பெயர் எப்படி வர வேண்டும் என்று அவரே சொல்லட்டும்.

இடமும் நேரமும்

வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம், 12 வாரம். ஒரு ஆசானுக்கு 12 பேர் சரியான அளவு. 15க்கு மேல் போனால் பின்வரிசையில் தப்பாக அடிப்பவரின் கை அவர் கண்ணில் படாது.

திறந்த வெளிதான் பறைக்கு வீடு. மூடிய அறையில் 12 பறை ஒன்றாக முழங்கினால் காது இரையும், எது யார் அடி என்றே பிரித்தறிய முடியாது. ஒரு பக்கமாவது திறந்த கொட்டகை, ஊர் மைதானம், சமுதாயக்கூடத்து முற்றம் என்று பாருங்கள். மழைக்கு ஒதுங்க மேற்கூரை வேண்டும், தீ மூட்ட மண் தரை வேண்டும். வேறு வழியின்றி அறைக்குள் நடத்தினால் எல்லாருக்கும் காதடைப்பான் வாங்குங்கள். குறிப்பாக ஆசானுக்கு, அவர் காது ஏற்கெனவே பல வருடம் உழைத்தது.

இரவு 10 முதல் காலை 6 வரை ஒலி எழுப்பச் சட்டத்தில் தடை இருக்கிறது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. அந்தப் பகுதிக்கு வெளியே, மாலை 5 முதல் 6.30 வரை வைத்தால் சிக்கல் வராது. பக்கத்து வீடுகளுக்கு முதல் வகுப்புக்கு முன்பே போய்ச் சொல்லிவிடுங்கள். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டை மட்டும் இரண்டுமுறை போய்ப் பாருங்கள்.

கோயில் மண்டபத்தை இலவசமாகத் தருகிறார்கள் என்றால், அங்கே ஆசானும் அவர் குழுவும் எந்தத் தடையும் இன்றி உள்ளே வந்து உட்காரலாமா என்று கேட்டுவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள். பதில் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

கருவி

இப்போது ஆசானையே கூட்டிக்கொண்டு போய் வாங்குங்கள். நல்ல பறை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளவாவது அவரோடு ஒருமுறை போக வேண்டும்.

பெரியவர்களுக்கான பறை சுமார் 35 சென்டிமீட்டர் விட்டம் இருக்கும். சட்டம் வட்டமாகத் தெரிந்தாலும் ஒரே மரமில்லை. வில்லாக வளைத்துச் செதுக்கிய மூன்று துண்டுகளைச் சேர்த்து, சேரும் இடத்தில் இரும்புத் தகடு வைத்து அறைந்திருப்பார்கள். வேப்ப மரம் பெரிதும் விரும்பப்படும். அதன் மேல் மாட்டுத் தோலை ஈரத்தோடு இழுத்து, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிக் காயவைப்பார்கள். பின்பக்கம் திறந்தே இருக்கும்.

வாங்கும்போது சட்டத்தை இரு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். தகடு பக்கம் 'கிரிச்' என்றால் ஆணி ஆடுகிறது. தோலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மெலிந்த திட்டு, கத்தி பட்ட கீறல் எல்லாம் தெரியும். நடுவில் கீறல் இருந்தால் வேண்டாம்; ஓரத்தில் சிறு தழும்பு இருந்தால் பரவாயில்லை. விளிம்பைச் சுற்றி நகத்தால் நெருடுங்கள். நகம் உள்ளே போகிற இடத்தில் பசை பிடிக்கவில்லை என்று பொருள். காய்ச்சும்போது அங்கிருந்துதான் தோல் கழன்றுவரும்.

12 பேருக்கு 12 பறை தேவையில்லை. எட்டுப் போதும். நான்கு பேர் ஓய்வில் கைத்தட்டி எண்ணிக்கை பிடிப்பார்கள், அதுவும் பயிற்சிதான். குச்சி மட்டும் ஆளுக்கு ஒரு ஜோடி, கையிருப்பில் இன்னும் ஐந்து ஜோடி. வலக்கைக்கு அடிக்குச்சி: குட்டை, தடி, சுமார் 18 சென்டிமீட்டர், பூவரசு போன்ற மரத்தில். இடக்கைக்குச் சுண்டுக்குச்சி: மூங்கிலைத் தட்டையாகச் சீவியது, சுமார் 28 சென்டிமீட்டர். சில ஊரில் சிண்டுக்குச்சி என்பார்கள். மூங்கிலைச் சீவியதும் ஓரங்களை உப்புத்தாளால் தேய்க்காவிட்டால் சிராய் தோலைக் கீறும், விரலையும் கீறும்.

பிளாஸ்டிக் முகப்பு இரும்புப் பறையை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. மழையில் தொய்வதில்லை, திருகாணியை முடுக்கினால் ஒலி ஏறும், அடைமழை நாள் வகுப்புக்கு உதவும். ஆனால் தொடக்கத்தில் அதில் மட்டும் கற்றால் கை கெட்டுவிடும். பிளாஸ்டிக் எப்படி அடித்தாலும் சத்தம் போடும். தோல் சரியாக அடித்தால்தான் பேசும், தவறை உடனே காட்டிக்கொடுக்கும். எட்டில் ஆறு தோல், இரண்டு பிளாஸ்டிக் என்று வைத்துக்கொள்ளலாம். சிறுவர்களுக்குச் சற்றுச் சிறிய வட்டம் செய்யச் சொல்லுங்கள். பெரிய பறையைத் தோளில் மாட்டிய எட்டு வயதுப் பிள்ளை பத்து நிமிடத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

காய்ச்சுதல்

வகுப்பின் பாதி இதில் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. தோல் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துத் தளரும், சூட்டில் ஈரம் போய் இறுகும். தளர்ந்த பறை 'தொப் தொப்' என்னும். காய்ச்சிய பறை 'ணங்' என்று தெறிக்கும். கோடை வெயில் நாளில் அரை மணி நேரம் வெயிலில் சாய்த்துவைத்தாலே போதும். மாலை வகுப்புக்கும் மழைநாளுக்கும் தீ வேண்டும்.

வகுப்பு தொடங்க 20 நிமிடம் முன்னால் மண் தரையில் சிறு தீ மூட்டுங்கள். வைக்கோல், காய்ந்த ஓலை, சருகு, பழைய தாள் இவை போதும். எட்டுப் பறைக்கு இரு கை நிறைய வைக்கோலைப் பிரித்துப் பிரித்துப் போட்டால் பத்து நிமிடம் தாங்கும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்ற வேண்டாம். தீ ஒரே வீச்சாக எழும்பித் தோலைக் கருக்கும், கையையும் சேர்த்து. பிளாஸ்டிக், டயர் எரித்தால் கரி தோலில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு சட்டி மணல் கட்டாயம். துப்பட்டாவும் வேட்டி நுனியும் செருகிக்கட்டியிருக்க வேண்டும்.

தோல் முகம் தீயைப் பார்க்க, சுமார் ஒன்றரை அடி தள்ளிப் பிடியுங்கள். தீ நாக்கு தோலைத் தொடக்கூடாது, அனல் மட்டும் பட வேண்டும். வண்டிச் சக்கரம் போலப் பறையைச் சுற்றிக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் அந்தப் பக்கம் மட்டும் இறுகி, மறுபக்கத்துப் பசையைப் பிய்த்துவிடும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து நடுவிரலால் சுண்டுங்கள், நடுவில் ஒருமுறை, ஓரத்தில் நான்கு இடத்தில். ஓரம் நான்கிலும் ஒரே ஒலி வந்தால் சீராகக் காய்ந்திருக்கிறது. புறங்கையைத் தோலில் வைத்தால் சுகமான சூடு இருக்க வேண்டும். வைக்க முடியாமல் இழுத்துக்கொண்டால் அதிகம். அப்போதே நிழலில் இரண்டு நிமிடம் வைத்துவிடுங்கள். அந்தச் சூட்டோடு ஓங்கி அடித்தால் தோல் கிழியும். புதியவர்கள் கிழிக்கும் பறைகளில் பல, அடி பலமாக விழுந்ததால் கிழிவதில்லை. அளவுக்கு மேல் காய்ந்ததால்தான் கிழிகின்றன.

காய்ச்சிய இறுக்கம் நல்ல நாளில் வகுப்பு முழுக்க நிற்கும். மழைநாளில் அரை மணிக்கு ஒருமுறை மறுபடி காட்ட வேண்டிவரும். அதனால் தீயை அணைக்காமல் தணலாக வைத்திருங்கள். தீ மூட்ட அனுமதியில்லாத குடியிருப்பில் மின்சார அடுப்பின் மேல் இரண்டடி உயரத்தில் சுற்றிக் காட்டலாம், வேலை நடக்கும்.

இந்த வேலையை ஆசான் தலையிலோ அவர் கூட்டிவரும் பையன் தலையிலோ கட்டாதீர்கள். முதல் வாரம் அவர் காட்டட்டும். இரண்டாம் வாரத்திலிருந்து மாணவர்கள் இருவர் இருவராக முறை வைத்துச் செய்ய வேண்டும். காய்ச்சத் தெரியாதவர் பறை கற்றதாகக் கணக்கில்லை.

முதல் நான்கு வாரம்

முதல் இரண்டு வகுப்புக்குப் பறை தோளில் ஏறக்கூடாது. நின்ற இடத்தில் கால் மாற்றி மிதித்து, வாயால் எண்ணி, கைத்தட்டட்டும். வாயில் வராதது கையில் வராது. ஒவ்வொரு ஆசானிடமும் வாய்ச்சொல் வேறுபடும். உங்கள் ஆசான் சொல்வதை அப்படியே பிடியுங்கள், இணையத்தில் பார்த்த சொல்லைக் கொண்டுவந்து கலக்காதீர்கள். குச்சி பழக, பலகையின் மேல் நான்காக மடித்த சாக்கை விரித்து அதில் அடிக்கலாம்.

மூன்றாம் வகுப்பில் பறை. பட்டையை இடத் தோளில் மாட்டி, வட்டம் இடுப்புக்கு மேல் உடம்போடு ஒட்டித் தொங்க வேண்டும். இடக்கை சட்டத்தின் மேல் விளிம்பில் தங்கும், சுண்டுக்குச்சி அந்தக் கையிலேயே இருந்து தோலின் மேல் படியும். வலக்கை அடிக்குச்சியோடு நடுவை நோக்கி வரும். பட்டை நீளமாக இருந்தால் பறை தொடையில் மோதும், ஆடவே முடியாது. இதைக் கவனிக்காமல் இரண்டு வாரம் போனால் முதுகு வலி என்று ஆள் குறையும்.

அடிப்படை ஒலி மூன்று. அடிக்குச்சியால் நடுவில் அடிப்பது ஒன்று, கனத்த ஒலி. சுண்டுக்குச்சியின் முழு நீளமும் தோலில் படிய அறைவது இரண்டாவது, 'சள்' என்ற கூர்மை. அடிக்குச்சி விழுந்த சூட்டோடு சுண்டுக்குச்சியைத் தட்டுவது மூன்றாவது. எல்லா அடியும் இந்த மூன்றின் கோவைதான்.

தவறு எங்கே வரும் என்றால்: அடிக்குச்சியைக் கோடரிபோல இறுக்கிப் பிடிப்பார்கள். குச்சி தோலில் விழுந்து அங்கேயே உட்கார்ந்துவிடும், ஒலி செத்துப்போகும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தளர்வாகப் பிடித்தால், விழுந்த குச்சியைத் தோலே திருப்பி அனுப்பும். சுண்டுக்குச்சியில் நேர்மாறான தவறு. நுனி மட்டும் தொட்டு 'டிக் டிக்' என்று கொத்தும். மணிக்கட்டைச் சட்டத்தில் பதித்து, குச்சியைத் தோலுக்கு இணையாகக் கொண்டுவந்தால் சரியாகும். பறை எடுத்த முதல் வாரம் இடக்கைப் பெருவிரல் மரத்துப்போவதும், பெருவிரல் மடிப்பில் கொப்புளம் வருவதும் சாதாரணம். மருத்துவ டேப் ஒரு சுருள் வாங்கிவையுங்கள். மணிக்கட்டு வீங்கினால் மட்டும் ஒரு வாரம் நிறுத்த வேண்டும்.

எண்ணிக்கைப் பயிற்சி எளிமையானது. நான்கு எண்ணிக்கைக்கு நான்கு அடி, நிதானமாக, ஐந்து நிமிடம். அடுத்து ஒவ்வொரு அடிக்கும் இடையில் ஒரு சுண்டு. அது ஓடத் தொடங்கியதும் மூன்றன் நடைக்குப் போங்கள்: ஓர் அடி, இரண்டு சுண்டு. ஊர் அடிகள் பல இந்த மூன்றன் நடையில்தான் உருளும். படித்த பிள்ளைகள் நான்கில் நன்றாக அடித்துவிட்டு மூன்றில் தடுமாறுவதைப் பார்க்கலாம். காலை மாற்றி மிதிக்கச் சொன்னால் பாதி சரியாகிவிடும், தாளம் காலில் இருந்துதான் கைக்கு ஏறுகிறது.

குழுவாக அடிக்கும்போது எல்லாருக்கும் வேகம் கூடிக்கொண்டே போகும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, சத்தமே ஆளை இழுத்துக்கொண்டு ஓடும். ஒருவரை ஒற்றையடியில் நிறுத்தி, மற்றவர்கள் அவரை மட்டும் பார்த்து அடிக்கும்படி வையுங்கள். அந்த இடத்துக்குப் போட வேண்டியது நிதானமான ஆள். குழுவிலேயே திறமையானவரைப் போட்டால் அவர்தான் முதலில் ஓடுவார்.

இடக்கைப் பழக்கமுள்ளவர் மாற்றிப் பிடித்துக் கற்கலாம். வரிசையில் கடைசியில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பக்கத்து ஆள் முழங்கையோடு மோதல்தான்.

அடிகளும் ஆட்டமும்

ஐந்தாம் வாரத்துக்கு மேல் ஆசான் தன் அடிகளைத் தொடங்குவார். ஒத்தையடி, சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, டப்பா அடி, பாடம் அடி, மருள் அடி, வாழ்த்தடி என்று பெயர்கள் கேட்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் இடமும் வேளையும் உண்டு. சப்பரம் நகரும் வேகத்துக்கு ஓர் அடி, சாமி இறங்கும்போது வேறொன்று. பெயரோடு 'இது எங்கே, எப்போது அடிப்பது' என்பதையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். 12 வாரத்தில் நான்கு அடி சுத்தமாக வந்தால் அது நல்ல வகுப்பு. மருள் அடியைச் சும்மா விளையாட்டுக்கு அடிக்க வேண்டாம் என்று ஆசான் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டத்தில் யாருக்காவது அருள் வந்துவிட்டால் சமாளிக்க உங்களுக்குத் தெரியாது.

அடி கையில் நின்ற பிறகே கால் அடவு. முன் இரண்டு பின் இரண்டு, பக்கவாட்டு, குதித்துத் திரும்புதல், பிறகு வரிசை எதிரெதிராகப் பிரிதல், வட்டம். அடவு சேர்ந்ததும் அடி கலையும். ஒரு வாரம் பின்னுக்குப் போனதுபோல இருக்கும். எல்லா வகுப்பிலும் இப்படித்தான். சலங்கையை ஒன்பதாம் வாரத்துக்கு முன் கட்டாதீர்கள், கால் தவறை அதன் சத்தம் மூடிவிடும்.

'சாவு மேளமா?' என்ற கேள்வி

வரும். முதல் வாரமே ஏதாவது ஒரு பெற்றோர் கேட்பார், அல்லது கேட்காமலே பிள்ளையை நிறுத்திக்கொள்வார். இதற்கு நழுவலான பதில் வேண்டாம். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் வைக்கிறது. போருக்கும் உழவுக்கும் விழாவுக்கும் முழங்கிய கருவி அது என்று சொல்லலாம், உண்மைதான். அதோடு நிறுத்தினால் பாதி உண்மை. இடைக்காலத்தில் அதைச் சாவு வீட்டுக்கென்று ஒதுக்கி, அடிப்பதை ஒரு சாதியின் மேல் கட்டாயக் கடமையாகச் சுமத்தியதும் நடந்தது. அதை மறுத்துப் பறையைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு. அதையே விடுதலையின் ஓசையாக மாற்றி மேடை ஏற்றியவர்களும் உண்டு. 'ஆதித் தமிழர் இசை' என்று பதாகை வைத்துவிட்டு, அதைக் காத்தவர்கள் பெயரை விட்டுவிடும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. உங்கள் பதாகையில் ஆசான் பெயர் முதல் வரியில் வரட்டும், விருந்தினர் பெயர் கீழே போகட்டும்.

வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடியுங்கள் என்று சொன்னது இதனால்தான். வகுப்பில் அவருக்கு நாற்காலி, எல்லாருக்கும் ஒரே மாதிரி டம்ளர், பிள்ளைகள் வாயில் 'ஆசான்' அல்லது 'வாத்தியாரே'. வயதில் இளையவரானாலும் 'வாங்க, போங்க'தான். இவை தானாக நடந்துவிடும் என்று விடாதீர்கள். முதல் நாளே ஏற்பாட்டாளர் செய்துகாட்டினால் மற்றவர் பின்பற்றுவார்கள்.

வைத்துக் காப்பது

தோலுக்கும் புளியங்கொட்டைப் பசைக்கும் எலியும் கரப்பானும் அலையும். தரையில் அடுக்கி வைத்தால் ஒரே இரவில் விளிம்பு போய்விடும். சுவரில் ஆணியடித்து, காற்றோட்டமாக, ஒன்றோடு ஒன்று உரசாமல் தொங்கவிடுங்கள். துணிப்பை நல்லது. பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பளபளப்புக்காக எண்ணெய் தடவ வேண்டாம், தோல் தளர்ந்து மறுபடி இறுகாது. பூட்டிய காருக்குள் நடுப்பகலில் விட்டால் காய்ச்சியதைவிட மோசமாக இறுகி வெடிக்கும். ஓரம் சிறிது கழன்றால் பசை போட்டுக் கட்டிக் காயவிடலாம். நடுவில் கிழிந்தால் தோலை மாற்றத்தான் வேண்டும். சட்டத்தை எறிந்துவிடாதீர்கள், நல்ல வேப்பஞ்சட்டம் பல தோலைப் பார்க்கும்.

12ஆம் வாரமும் அதற்குப் பிறகும்

முதல் நிகழ்ச்சி ஏழு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மூன்று அடி, ஒரு வட்டம், ஒரு முடிப்பு. முடிப்பைத் தனியாக இருபது முறை பழகுங்கள். நடுவில் வரும் பிசகு யாருக்கும் தெரியாது, ஆளுக்கு ஒரு நேரத்தில் நிறுத்தினால் எல்லாருக்கும் தெரியும். திறந்த வெளியில் மைக் தேவையில்லை. தெருவில் நடத்துவதாக இருந்தால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக்கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அன்றைக்கு ஆசானின் குழுவையும் அழைத்து, அவர்களுக்கும் நிகழ்ச்சிக் கூலி கொடுத்து, உங்கள் பிள்ளைகளுக்குப் பின் அவர்களை ஆடவிடுங்கள். கற்றது எவ்வளவு, இன்னும் கிடப்பது எவ்வளவு என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

ஆசானுக்குச் செய்ய வேண்டிய எழுத்து வேலை ஒன்று இருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எத்தனை பேருக்கு, எந்தக் கலையைப் பயிற்றுவித்தார் என்று அமைப்பின் முத்திரையோடு சான்று ஒன்று கொடுங்கள். அரசு விருதுக்கோ உதவிக்கோ விண்ணப்பிக்கும்போது கலை அனுபவத்துக்கு ஆதாரமாக வைக்க அது உதவும். அவர் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால், கணினி தெரிந்த மாணவர் ஒருவர் உடன் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கட்டும். பதிவு இருந்தும் புதுப்பிக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர், அதையும் பாருங்கள்.

அடுத்த சுற்றுக்கு 12 பேரில் ஐந்து பேர் மிஞ்சினால் நல்ல கணக்கு. அந்த ஐவரை ஆசானின் குழுவோடு ஒரு திருவிழாவுக்கு அனுப்புங்கள், ஆட வேண்டியதில்லை. பறை சுமக்கவும், தீ மூட்டவும், விடியும்வரை பக்கத்தில் நின்று கேட்கவும் மட்டும்.